மூன்று பெயர்களும் ஒரு வரியும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் இளைஞர் விளையாட்டுப் பக்கத்தைத் தேடுவர். மாணவர் குறுக்கெழுத்துப் போட்டியைத் தேடுவர். வீட்டில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் இருப்பாராயின், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் விரிப்பது மரண அறிவித்தல்கள் அச்சாகும் பக்கத்தையே. துக்கச் செய்தியில் அவருக்கு விருப்பம் என்று எண்ணிவிடக் கூடாது. இன்னார் எந்த ஊரார், எமக்கு என்ன முறை, பிள்ளைகள் எந்தெந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் அந்தச் சிறு கட்டத்துக்குள் அவர் அறிந்துகொள்கிறார். முன்னாளில் இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் வேளையில் வீட்டிற் சத்தம் போட்ட பிள்ளைகளுக்கு அடி விழுந்ததும் உண்டு. அந்த அடியை வாங்கியவர்களில் நாமும் ஒருவர்.

அறிவித்தலுக்கு ஒரு மாறாத ஒழுங்கு உண்டு. மாணவ வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லுவோம். முதலிற் பிறந்த ஊர். அடுத்து வாழ்ந்த ஊர் அல்லது நாடு. அதன்பின் பெற்றோர், கணவர் அல்லது மனைவி. பிறகு ‘பாசமிகு தாயாரும்’ என்று முடியும் வரி வரும். பிள்ளைகளின் பெயர்கள் பிறந்த ஒழுங்கிலே அதில் நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அடைப்புக்குள், நாட்டின் பெயர். அடுத்தது ‘அன்பு மாமியாரும்’ என்று முடியும் மருமக்கள் வரி. அதற்கும் அடுத்தது பேரப்பிள்ளைகளுக்குரியது. மகன் உழைத்துக் கொடுத்தவனா, ஊதாரியா, தாயோடு முகங்கொடுத்துப் பேசியவனா என்று அந்த ஒழுங்கு கேட்பதில்லை. பிறந்தான் என்றால் பெயர் உண்டு. பெயர் விடுபட்டதாயின் ஊர் முழுவதும் அதைக் கவனிக்கும். ஒரே தாய்க்கு ஒரே பக்கத்தில் இரண்டு அறிவித்தல்கள், இரண்டு விலாசங்களுடன் வெளியாகியிருந்ததையும் ஒருமுறை கண்டோம். அன்று காலைத் தேநீர் எமக்குக் கசந்தது.

இவ்வாரம் நாம் சொல்லப்போவது, அப்படி இரண்டாகியிருக்க வேண்டிய ஓர் அறிவித்தல் ஒன்றாகிய கதை. கனடா தேசத்து ரொறன்ரோ நகரில் வசிக்கும் ஒரு சகோதரியார் எமக்கு எழுதிய நீண்ட கடிதத்திலிருந்து இதனை எடுத்திருக்கிறோம். பெயர்களைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார், ஊரையும் தவிர்த்துவிடுகிறோம். வலிகாமத்துக் கிராமம் ஒன்று என்ற அளவில் நிற்கட்டும்.

தந்தையார் தபாற் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் மூவர், மூத்தவர் மகன், நடுவில் எமக்குக் கடிதம் எழுதிய மகள், கடைசியும் மகன். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின் எம்மவர் பலர் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது மூத்தவரும் வெளிக்கிட்டார். கிழக்கு பேர்லினுக்கு ஆகாய மார்க்கமாகச் சென்று, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைவது அந்நாளில் அகதிகளுக்குத் திறந்திருந்த வழிகளில் ஒன்று. அவ்வழியே 1985இல் ஜேர்மனிக்குச் சென்று, இரண்டு வருஷங்களின்பின் கனடாவை அடைந்தார். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 150க்கு மேற்பட்ட எம்மவரைக் கனேடிய மீனவர் கண்டு காப்பாற்றிய செய்தி உலகெங்கும் பரவிய காலம் அது.

பகலில் ஒரு தொழிற்சாலை, இரவில் ஓர் உணவகத்துச் சமையலறை என்று இரண்டு வேலை செய்து, கடனும் பட்டு, முகவர் ஒருவருக்குப் பணம் கட்டி, தம்பியை 1991இல் அழைப்பித்தார் தமையனார். தம்பிக்கு அப்போது வயது பத்தொன்பது. இருவரும் ஸ்காபுறோப் பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாழ்ந்தார்கள். அண்ணர் வேலையால் வந்து படுக்கும்போது தம்பி எழுந்து வேலைக்குப் போவான்; கட்டில் ஒன்றே போதுமாயிருந்தது. அந்த நாட்களைப் பற்றிச் சகோதரியார் எழுதிய பகுதி மிக நன்றாக இருக்கிறது. அண்ணனும் தம்பியும் தமக்கு எழுதிய கடிதங்கள் ஒரே உறையில் வரும் என்றும், தம்பியின் கடிதத்தில் எழுத்துப்பிழைகளை அண்ணர் சிவப்பு மையினால் திருத்தியிருப்பார் என்றும் குறிப்பிடுகிறார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டு, மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தார்கள். அந்தச் சனத்திரளோடு நடந்த தந்தையார் மீண்டும் தம் வீட்டைக் காணவில்லை. 1996 தொடக்கத்தில் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். ஆண்மக்கள் இருவரும் கடல் கடந்து இருந்தமையால் பெறாமகன் ஒருவர் கொள்ளி வைத்தார். செய்தி ரொறன்ரோவை அடைவதற்குள் வாரங்கள் சென்றுவிட்டன. சாம்பலைக் கீரிமலையிற் கரைக்கவும் வழியில்லை. அப்பகுதி 1990 முதல் பொதுமக்கள் போக முடியாத பாதுகாப்பு வலயமாக இருந்தது. ‘ஐயாவுக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்ற சொல் அன்று முதல் அந்தக் குடும்பத்தில் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது.

2000ஆம் ஆண்டில் தாயாரும் மகளும் மருமகனும் கனடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். இனி எல்லாரும் ஓரிடத்தில் என்று அந்த அன்னை மகிழ்ந்தார். மகிழ்ச்சி மூன்று வருஷங்களே நின்றது.

பிரிவு எப்படி வந்தது என்று கேட்டால் தமையனார் ஒரு கணக்குப் புத்தகத்தைக் காட்டுவாராம். முகவருக்குக் கொடுத்த பணத்திற் பாதியைத் தம்பி திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டான், தரவில்லை என்பது அவருடைய வழக்கு. தம்பியோ, சீட்டுப் பிடித்தும் வாடகைக்கென்றும் தான் கொடுத்தவை அந்தப் புத்தகத்தில் ஏறவில்லை என்பான். எமது அபிப்பிராயம் வேறு. குடும்பங்கள் பணத்தாற் பிரிந்ததாகச் சொல்லப்படும் இடங்களில், பணம் பெரும்பாலும் வெளிக்கதவு மாத்திரமே. உள்ளே வேறொன்று கிடக்கும். இங்கே கிடந்தது ஒரு கலியாணம். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணைத் தம்பி விரும்பினான். அண்ணர் வேறிடத்திற் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். 2003 கோடையில் விவாகம் தேவாலயத்தில் நடைபெற்றது. அண்ணர் போகவில்லை. அண்ணர் வீட்டில் வாழ்ந்த தாயாரும் போகவில்லை. சேலை உடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவர், மகனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டார் என்று மகள் எழுதுகிறார். அண்ணர் வராததைத் தம்பி ஒருவேளை மறந்திருப்பான். தாய் வராததை அவனால் மறக்க முடியவில்லை.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள். இரண்டு வீடுகளுக்கும் இடையே தூரம் மோட்டார் வண்டியில் இருபது நிமிஷம். கோயில் வேறு, கடை வேறு, சிநேகிதர் வேறு என்று ஒரே நகரத்தை இரண்டாக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஊரில் இப்படிப் பகைத்தவர்கள் ஒரே கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது நிற்க வேண்டியிருக்கும். அந்நிய நாட்டில் அந்த வில்லங்கம் இல்லை. பகைமைக்கு வசதி அதிகம்.

தாயார் மாத்திரம் ஓர் உபாயம் செய்தார். வெள்ளிக்கிழமை தோறும் மகளுடைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து இளைய மகனோடு தொலைபேசியிற் பேசுவார். அவரைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்று இறக்கிவிடுபவர் மூத்தவரே. ஏன் எல்லா வெள்ளியும் போக வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே வருவதும் இல்லை. பனிகாலத்திலும் வண்டிக்குள்ளேயே இருந்து பத்திரிகை வாசிப்பாராம். தாய் திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தால் வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்துவார். இதனை நாம் இரண்டு முறை வாசித்தோம். இதற்குப் பகை என்று பெயரா, வேறு பெயரா என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

2017 ஜனவரியில், கடும் பனிக்காலத்தில், எண்பத்திரண்டாம் வயதில் அன்னையார் காலமானார். கடைசி மூன்று வருஷங்கள் நோயில் கிடந்தவர். அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழுந்து பார்த்தவர் மூத்த மருமகள்.

எம்மவர் வழக்கத்தில் தந்தைக்குத் தலைமகனும் தாய்க்குக் கடைமகனும் கொள்ளி வைப்பர். வைத்தியசாலை ஒழுங்கையில் நின்றுகொண்டு, பதின்மூன்று வருஷங்களாக அழைக்காத இலக்கத்தை மூத்தவர் அழைத்தார். தமக்கையார் பக்கத்தில் நின்றபடியால் நடந்த பேச்சு முழுவதும் எமக்குக் கிடைத்திருக்கிறது. அது மிகச் சிறியது.

“தம்பி, அம்மா மோசம் போட்டா.”

மறுபுறம் மௌனம்.

“கொள்ளி உன்ரை. வெளிக்கிட்டு வா.”

“வாறன் அண்ணை.”

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கணக்கும் இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால் இருவரில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது நிச்சயம். சமாதானம் பேசப் போன பெரியவர்கள் எத்தனையோ பேர் முன்னர் தோற்றுத் திரும்பியிருந்தார்கள். வழக்கம் கொடுத்த ஒரு வேலையைத் தமையன் தம்பிக்கு அறிவித்தார். தம்பி அதனை ஏற்றுக்கொண்டான்.

ஆயினும் இதிலே ஓர் அநீதி இருப்பதையும் நாம் மறைக்கக் கூடாது. “மூண்டு வருசமாய் மருந்து குடுத்தது ஆர், கொள்ளி வைக்கிறது ஆர்?” என்று மூத்த மருமகள் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வழக்கம் பிறந்த ஒழுங்கைப் பார்க்கிறது. பட்ட பாட்டைப் பார்ப்பதில்லை. தாயைப் பராமரித்தவர் விலகி நிற்க, எட்டிப் பாராதவர் முன்னே வந்து நிற்கும் காட்சியை எத்தனையோ செத்தவீடுகளிற் கண்டிருக்கிறோம். அந்த ஒரு நாளுக்காகக் கோபங்கொண்டு நிரந்தரமாகப் பிரிந்தவர்களும் உண்டு. கணவர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் பதில் இருக்கவில்லை போலும்.

அன்றிரவு தமக்கையார் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவரும் இருந்தார்கள். தமக்கையின் மகன் கணினியில் அறிவித்தலைத் தட்டெழுதிக்கொண்டிருந்தான். ஊர், பெற்றோர், கணவர் எல்லாம் முடிந்து பிள்ளைகள் வரி வந்தது. மூன்று பெயர்கள், மூன்றுக்கும் அடைப்புக்குள் கனடா. அடுத்தது மருமக்கள் வரி. மூத்த மருமகளின் பெயரை முதலில் அடித்தான். தன் தகப்பனாரின் பெயரை அடித்தான். அதற்குமேல் கை ஓடவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் நிப்பாட்டிப்போட்டாய்? அவவின்ரை பேரையும் போடு” என்றார் மூத்தவர்.

பெயரை எப்படி எழுதுவது என்பது அவருக்குத் தெரியாது. கிறிஸ்தவப் பெயர், தமிழில் இரண்டு விதமாக எழுதலாம். தம்பி எழுத்துக்கூட்டிச் சொன்னான். பிறகு பேரப்பிள்ளைகள் வரி. இளையவருக்குப் பிள்ளைகள் மூவர் என்பதே அன்றுதான் மூத்தவருக்குத் தெரியவந்தது. இரண்டு என்று நினைத்திருந்தாராம். மூன்று பெயர்களையும் தம்பி சொல்லச் சொல்ல, பெரியப்பா ஒரு கடுதாசித் துண்டில் தம் கைப்பட எழுதி, மருமகனிடம் கொடுத்தார். கடைசிப் பிள்ளைக்குத் தங்கள் தந்தையாருடைய பெயர் இட்டிருந்தது. அதை எழுதியபின் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்ப் பனியிற் சற்று நேரம் நின்றார்.

கனடாவில் ஈமக்கிரியை நடைபெறும் விதம் ஊரில் உள்ளவர்களுக்குப் புதுமையாகத் தோன்றும். உடல் வீட்டுக்கு வருவதில்லை. மலர்ச்சாலையில் மாலை வேளைகளில் பார்வைக்கு வைப்பார்கள். கிரியைக்கும் குறித்த நேரம் உண்டு. அடுத்த குடும்பம் வெளியே காத்து நிற்கும். பறைமேளம் இல்லை. சுண்ணம் இடிப்பதும் திருப்பொற்சுண்ணம் பாடுவதும் உண்டு. ஆனால் உரலும் உலக்கையும் கைக்கடக்கமானவை. ஊரில் மயானத்துக்குப் போகாத பெண்கள் அங்கே தகனசாலை வரைக்கும் வருகிறார்கள். எமக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது. கொள்ளி என்பதும் அங்கே ஒரு பொத்தானை அழுத்துவதுதான். மண்குடமும் விறகும் நெருப்பும் போய், சுவரில் உள்ள ஒரு பொத்தானுக்காகவா இத்தனை உரிமைப் பேச்சு என்று இளைஞர் நகைக்கலாம். பொத்தானை அழுத்திய கையை இளையவர் வெகுநேரம் இறக்கவில்லை என்றும், தமையனார் அதைப் பிடித்து இறக்கிவிட்டார் என்றும் கடிதம் சொல்கிறது.

கிரியையில் பேரப்பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று பந்தம் பிடிப்பது எமது முறை. அங்கே ஒரு வேடிக்கையும் நடந்தது. மூத்தவருடைய கடைசி மகனுக்கு வயது பதின்மூன்று. இளையவருடைய மூத்த மகளுக்குப் பன்னிரண்டு. இருவரும் பந்தத்தோடு எதிரெதிரே நின்றவர்கள் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். பையன் மெதுவாக, “நீ ஏன் இங்கே வந்தாய்?” என்று கேட்டான். “இது என்ரை அப்பம்மா” என்றாள் சிறுமி. “எனக்கும் அப்பம்மாதான்” என்றான் அவன். இரண்டு வருஷங்களாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருவரும் ஒரே வாங்கிலில் இருந்தவர்கள்!

இது எப்படி நிகழக்கூடும் என்று ஐயப்படுவோர்க்கு ஒரு விளக்கம். எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரே பிள்ளைக்கு முதற்பெயராக நிற்கும். அண்ணன் தம்பி இருவரின் பிள்ளைகளும் தத்தம் தந்தையின் பெயரைக் கொண்டமையால், வெள்ளைக்காரருடைய இடாப்பில் அவர்கள் வெவ்வேறு குடும்பத்தார். பாட்டனாருடைய பெயர் ஒரு தலைமுறையில் மறைந்துவிடுகிறது. ஊரில் இதனால் இடர் இல்லை. யார் யாருடைய பேரன் என்பதைச் சொல்ல ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆச்சிமார் இருந்தார்கள். ரொறன்ரோவில் அதைச் சொல்ல இருந்த ஒரே ஆச்சி அன்று பெட்டிக்குள் இருந்தார். சைவச் சடங்கில் கத்தோலிக்கத் தாயின் பிள்ளை பந்தம் பிடிக்கலாமோ என்று ஓர் உறவினர் முணுமுணுத்ததாகவும், குருக்களே, “ஆச்சிக்குப் பேத்திதானே, பிடிக்கட்டும்” என்று முடித்துவிட்டதாகவும் சகோதரியார் எழுதுகிறார்.

மூன்றாம் தலைமுறைக்கு முன் மலாயாவுக்குப் போன எம்மவர் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவருக்கு ஊரிலிருந்து தந்தி போகும். அவர் கப்பலேறி வந்து சேரும்போது தாயின் சிதை ஆறி நாட்கள் சென்றிருக்கும். ஆயினும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. செத்தவீடு ஒரு நாளில் முடிந்துபோவதாயின் இளையவர் பொத்தானை அழுத்திவிட்டுத் தம் வீட்டுக்குப் போயிருப்பார். எட்டுச் செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, வீட்டுக்கிருத்தியம் உண்டு, மதியபோசனம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மரக்கறி வாங்க வேண்டும், மண்டபம் பேச வேண்டும், கதிரை அடுக்க வேண்டும். கதிரை அடுக்கும்போது மனிதர் பழைய கணக்கைப் பேசுவதில்லை. ‘அந்தப் பக்கத்தைப் பிடி’ என்பதைத் தவிர வேறு பேச்சு வேண்டியதில்லை.

கல்வெட்டு விஷயத்திலும் ஒரு சங்கடம் வந்தது. முப்பத்தோராம் நாள் வழங்கும் அந்த நூலில் வமிச வரலாறும், திதி வெண்பாவும், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று தனித்தனிப் பாடல்களும் வருவது வழக்கம். பாட்டெழுதக் கேட்கப்பட்ட புலவர், பிள்ளைகள் மூவரும் ஒருநாளும் பிரியாது தாயைச் சூழ்ந்திருந்ததாக ஓர் அழகிய விருத்தம் இயற்றிவிட்டார். மூத்தவர் அதை வாசித்துவிட்டு, “இது பொய், வெட்டுங்கோ” என்றார். ஓரடியை வெட்டினால் விருத்தம் முடமாகிவிடும் என்று புலவர் மன்றாடினார். ஈற்றில் முழு விருத்தத்தையும் எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் அன்னையாருடைய படம் ஒன்றை அச்சிட்டார்கள். புலவருக்குச் சிறிது மனஸ்தாபம்.

அஸ்தியின் ஒரு பகுதியை ஊருக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. இதற்கு மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்துக் கதிர்ச் சோதனையில் உள்ளே இருப்பது புலப்பட வேண்டுமாகையால் உலோகக் கலசம் உதவாது. பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து, 2017 யூலையில் அண்ணனும் தம்பியும் புறப்பட்டார்கள். கொழும்பிலிருந்து யாழ்தேவியில் சென்றார்கள். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. இருவரும் பல வருஷங்களின்பின் காணும் ஊர். புகைவண்டியில் மடிமேற் கலசத்தை மாறி மாறி வைத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தேர்ந்த நாள் ஆடி அமாவாசை. அது தந்தையை இழந்தவர்களுக்குரிய நாள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பூரணை. கீரிமலையில் அன்று சனம் நிரம்பியிருந்தது. கடலோரத்துக் கேணியில், உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே ஊறும் நன்னீரில், ஆயிரக்கணக்கானோர் தோய்ந்தெழுந்தார்கள். தாயின் அஸ்தியைக் கரைத்தபின், தந்தைக்கும் சேர்த்துப் பிதிர்க்கடன் செய்ய விரும்புவதாகக் குருக்களிடம் சொன்னார்கள். அவர் பெற்றோர் இருவரின் நட்சத்திரத்தையும் கேட்டார். தந்தையின் நட்சத்திரம் மூத்தவருக்குத் தெரிந்திருந்தது, இளையவருக்குத் தெரியாது. தாயின் நட்சத்திரத்தை மூத்தவர் யோசித்துக்கொண்டு நிற்க, இளையவர் உடனே சொன்னார். “உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று அண்ணர் கேட்டாராம். “வெள்ளிக்கிழமையளிலை சொல்லுவா” என்றார் தம்பி. இருபத்தொரு வருஷங்களாகக் கரைக்கப்படாத தந்தையின் கடன் அன்று அந்தக் கேணியடியில் கழிந்தது.

இத்துடன் எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத எமக்கும் ஆசைதான். மறுநாளே கிணற்றடியில் உரத்த வாக்குவாதம். வீடு ஓடு கழன்று நிற்கிறது; காணி இன்னும் பிரிக்கப்படவில்லை. திருத்தி வைத்திருப்போம் என்பது மூத்தவர் கட்சி. யார் வந்து இருக்கப் போகிறார்கள், விற்றுவிடுவோம் என்பது இளையவர் கட்சி. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமைப்படி, பங்காளி ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு வாங்கும் சந்தர்ப்பத்தைக் கொடுக்க வேண்டும். இந்த முன்வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஆகவே மூவரும் மூன்று நாட்டில் வாழ்ந்தாலும் காணி அவர்களைப் பேச வைத்தே தீரும். தொலைபேசியில் வாக்குவாதத்தைக் கேட்ட தமக்கையார், மீண்டும் பதின்மூன்று வருஷமோ என்று நடுங்கிப்போனார். அன்றிரவு இருவரும் மாமி வீட்டில் ஒடியற்கூழ் குடித்துவிட்டு ஒரே திண்ணையிற் படுத்தார்கள் என்று அறிந்த பின்னரே அவருக்கு நித்திரை வந்தது. வீட்டு விவகாரம், இக்கடிதம் எழுதப்பட்ட நாள்வரை, முடியவில்லை.

மூத்த மருமகளைப் பற்றிக் கேட்டு நாம் பதில் எழுதினோம். அவருடைய கேள்வி எமது மனத்தை விட்டு அகலவில்லை. தமக்கையாரிடமிருந்து வந்த மறுமொழி இது.

ஆட்டைத் திவசம் கழிந்து, 2018 சித்திரைப் பூரணை அன்று மூத்தவர் வீட்டிற் கஞ்சி காய்ச்சினார்கள். இளையவர் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டு மருமக்களுக்கும் இடையே அதுவரை ‘வாங்கோ’, ‘இருங்கோ’ என்பதற்கு மேல் பேச்சில்லை. இளைய மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்று, “அக்கா, இதுக்குப் பால் எவ்வளவு விடுறது?” என்று கேட்டார். மூத்தவர் திரும்பிப் பாராமலே அளவைச் சொன்னார். சற்றுப் பொறுத்து, “மாமிக்கு இன்னும் கொஞ்சம் கூட விட்டால்தான் பிடிக்கும்” என்று அகப்பையை அவர் கையிற் கொடுத்தார். ஆலிலைக்கு அங்கே எங்கே போவது. கடுதாசிக் கோப்பைகளில் வார்த்தார்கள். பிள்ளைகள் ஐந்தாறு பேர் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்.

உப்புச் சற்றுக் கூடிவிட்டது என்று மூத்தவர் சொன்னாராம். இல்லை, அளவு என்றாராம் தம்பி.